ஒதுங்கிய வலை

விஷ்ணுப்ரியாவுக்கு அந்த வலையைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போனது. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. காதில் ஒரு சொல் மாறி விழுந்ததால் வந்த வினை என்று பிற்பாடு அவள் தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டாள். அப்படியெல்லாம் இல்லை. காது கொஞ்சம் தப்பாகக் கேட்டது உண்மை. கண் சரியாகத்தான் பார்த்தது.

வண்டலூர் தாண்டி இருக்கிற ஒரு ஆர்ட் காலேஜில் அவளுக்கு அது கடைசி வருஷம். படிப்பின் பெயர் சஸ்டெயினபிள் டெக்ஸ்டைல் டிசைன். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் தன்னோடு வாக்கிங் வருகிறவர்களிடம் அவள் அப்பா சுந்தரராமனால் அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடிந்ததே இல்லை. "வேண்டாம்னு தூக்கிப் போடறதுலேர்ந்து துணி பண்றா சார்" என்று சுருக்கிச் சொல்வார். "அப்போ கால் மிதியடியா?" என்று ஒருத்தர் கேட்டதிலிருந்து அதையும் நிறுத்திவிட்டார். பாங்க் பரீட்சை எழுதச் சொல்லிச் சொல்லி ஓய்ந்த மனுஷர். பெண் ஏதாவது பெரிதாகச் செய்து காட்டினால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாமே என்று காத்திருந்தார்.

பெண்ணும் செய்து காட்டத்தான் நினைத்தாள். மீன் வாசனையே ஏறாத வீட்டில் பிறந்தவள், கடைசி வருஷ வேலைக்கு மீன் வலையைப் பிடித்துக்கொண்டாள். கடலில் அறுந்துபோன நைலான் வலைகள் மக்குவதில்லை. வருஷக்கணக்கில் மிதந்துகொண்டு ஆமையையும் மீனையும் யாருக்கும் பிரயோஜனம் இல்லாமல் கொன்றுகொண்டே இருக்கும். அப்படிக் கரை ஒதுங்கிய வலைகளைப் பொறுக்கி, கழுவி, பட்டையாக வெட்டி, பருத்தி நூலோடு சேர்த்துத் தறியில் நெய்து துணியாக்குவது. துறைத் தலைவர் தேவானந்தம் சார் கேட்டதும் மேசையைத் தட்டி "இதைப் பண்ணும்மா" என்றார்.

அதற்காகத்தான் அவள் சனிக்கிழமைதோறும் தாம்பரத்தில் பஸ் ஏறி கோவளம் போக ஆரம்பித்தாள். அங்கே கிடைத்தவள் ரோஸி. நாற்பது வயசு, கடற்கரையிலேயே மீனைத் தரம் பிரித்துக் கூறு போட்டு விற்கிறவள். அவள் புருஷன் ஏசுபாதமும் அவன் தம்பி பிரிட்டோவும் ஒரே ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். பிரிட்டோவின் பெண்டாட்டி ஜாஸ்மின். அடுத்தடுத்த இரண்டு வீடு, நடுவில் பொதுவாக ஒரு வலைக் கொட்டாய்.

ரோஸிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. "இந்தக் குப்பைய எட்துகினு போயி பொடவ நெய்வியா? யாரு கட்டுவா?" என்று சிரித்தாள். ஆனால் அடுத்த சனிக்கிழமை ஒரு கூடை நிறையப் பொறுக்கி வைத்திருந்தாள். அதற்கடுத்த வாரம் மீன் படாத பாத்திரம் என்று தனியாக ஒன்றை விளக்கி, அதில் எலுமிச்சை சாதம் கிளறி வைத்திருந்தாள். ஊரில் எல்லாரும் விஷ்ணுப்ரியாவை 'வலைப் பாப்பா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ரோஸியும் ஜாஸ்மினும் கொட்டாய் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, கிழிசல் முடிவதைப் பார்த்துக்கொண்டே அவள் சாப்பிடுவாள். ஜாஸ்மினுக்கு இடது கைப் பழக்கம். அவள் போடுகிற முடிச்சு மட்டும் எதிர்ப்பக்கமாகச் சாயும். "எங்க வலைல எந்த முடிச்சு யாருதுன்னு மீனுக்குக்கூட தெரியும் பாப்பா. இத்தப் பாரு, பீச்சாங்கை முடிச்சு" என்று ரோஸி கேலி பண்ணுவாள். ஜாஸ்மின் வலை ஊசியாலேயே அவளைக் குத்த வருவாள்.

இப்படி நாலு மாசம் நன்றாகத்தான் போனது. சிக்கல் நிறத்தில் வந்தது. கரை ஒதுங்குகிற வலை எது எது எந்தக் கடலில் எத்தனை நாள் கிடந்ததோ? ஒன்று வெளிறியிருக்கும், ஒன்றில் தார் அப்பியிருக்கும், ஒன்றைத் தொட்டாலே பொடிப்பொடியாக உதிரும். இருபது சின்னத் துண்டு நெய்தாள்; இருபதும் இருபது தினுசு. ஆகஸ்டில் தேவானந்தம் சார் எல்லாவற்றையும் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சாம்பிள்ம்மா. எட்டடி, பத்தடிக்கு ஒரே நிறத்துல ஒரு துணி வேணும். அது இல்லேன்னா கண்காட்சியில உனக்கு மூலைதான்" என்றார். விஷ்ணுப்ரியா அன்று ரயிலில் தாம்பரம் வருகிறவரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

அந்தச் சனிக்கிழமை பஸ் கேளம்பாக்கம் தாண்டும்போது ரோஸிக்குப் போன் போட்டாள். ரோஸி எதிர்ப்பக்கம் ஏதோ பஸ்ஸில் இருந்தாள். இரண்டு பக்கமும் காற்று, இரண்டு பக்கமும் ஹாரன், நடுவில் கண்டக்டர் விசில்.

"அக்கா, நிறைய வலை வேணும்க்கா. ஒரே மாதிரி கிடைச்சா நல்லாருக்கும்."

"நான் வூட்ல இல்ல பாப்பா, தங்கச்சிய ஆஸ்பத்திரில பாத்துட்டு வர போய்கினு கீறேன். கொட்டாயாண்ட ஒதுங்குனது கீது, நீயே எட்துக்கோ."

'ஒதுங்குனது' என்றுதான் ரோஸி சொன்னாள். கடல் தள்ளிக் கரை சேர்ந்தது என்று அர்த்தம். 'ஒதுக்குனது' என்று விஷ்ணுப்ரியாவின் காதில் விழுந்தது. வேண்டாம் என்று எடுத்து வைத்தது என்று அவள் அர்த்தம் பண்ணிக்கொண்டாள்.

கொட்டாய் வாசலில், சுவரோரமாக, வழக்கமான சிக்கு ஒரு கூடை கிடந்தது. கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளிப் பார்த்தாள். உள்ளே குறுக்கு மூங்கில் மேல் அந்த வலை மடித்துப் போட்டிருந்தது. நீலமும் இல்லை, பச்சையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம். முனையிலிருந்து முனைவரை அதே நிறம். புடவைக் கடையில் மடிப்பதைப் போல மடித்து, இரண்டு இடத்தில் கயிறு போட்டுக் கட்டி, மடிப்புக்குள் குருத்தோலையில் முடைந்த ஒரு சின்னச் சிலுவையைச் செருகி வைத்திருந்தார்கள். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்து வாங்கி வருகிற சிலுவை.

தூக்கிப் போடுகிற வலையை யாராவது மடித்துக் கட்டுவார்களா? அதில் சிலுவை செருகுவார்களா? இது அவளுக்குத் தோன்றாமலா இருந்தது? தோன்றியது. போனைக்கூட எடுத்தாள். ரோஸியின் பெயர் திரையில் வந்தது. கூப்பிட்டால் "ஐயோ, அது இல்ல பாப்பா" என்று ரோஸி சொல்லிவிடுவாள். இல்லை என்று பதில் வரும் என்று தெரிந்த கேள்வியைக் கேட்காமல் இருப்பது எவ்வளவு சுலபம்! போனைப் பைக்குள் போட்டாள்.

சிலுவையை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. சாமி சமாசாரம் எந்தச் சாமியுடையதானாலும் கால் படுகிற இடத்தில் போடக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள். எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுவரில் பலகை அடித்திருந்த அலமாரியில், டீசல் கேன் பக்கத்தில் வைக்க மனசு வராமல், மேல் தட்டைக் கையால் துடைத்துவிட்டு அங்கே தனியாக வைத்தாள். பிறகு கொண்டுவந்த இரண்டு சாக்கிலும் அடியில் நல்ல வலையைத் திணித்து, மேலே கூடையிலிருந்த சிக்கைப் போட்டு மூடினாள். வேண்டாம் என்று வைத்ததைத்தான் எடுக்கிறோம் என்றால் எதற்கு மூடுவானேன்? அதை அவள் அப்போது யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது என்று கை அவசரப்பட்டது.

ஆட்டோ பிடித்து சிட்லபாக்கம் கொண்டுவந்து மொட்டை மாடியில் கொட்டினாள். மிதப்புக் கட்டைகளையும் ஈயக் குண்டுகளையும் வெட்டி எடுத்தாள். அம்மா திரிபுரசுந்தரி வழக்கம்போல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறி வந்தவள், முந்தானையை இறக்கிவிட்டாள்.

"என்னடி இது, இந்தத் தடவை நாத்தமே இல்லையே? புதுசு மாதிரின்னா இருக்கு?"

"நல்லா அலசிக் குடுத்தாம்மா."

முதல் பொய் அது. சின்னது, அதனால் சுலபமாக வந்தது.

மூன்று வாரத்தில் நெய்து முடித்தாள். வலையைப் பட்டை பட்டையாக வெட்டி ஊடாகக் கொடுத்து, முடிச்சுகள் துணியின் மேல் புடைத்து நிற்கும்படி விட்டாள். ஒன்பதடித் துணி. வெளிச்சத்தில் பிடித்தால் தண்ணீருக்குள் நின்று மேலே பார்க்கிற மாதிரி இருந்தது. தேவானந்தம் சார் அதன் முன்னால் நின்றவர் ரொம்ப நேரம் நகரவில்லை. "இந்த முடிச்செல்லாம் பேசுது பாரு" என்று மற்ற மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். கண்காட்சியில் வாசலைப் பார்த்த நடுச்சுவர் அவளுக்கு ஒதுக்கப்பட்டது. சுந்தரராமன் மறுபடி ஏரிக்கரையில் படிப்பின் பெயரை முழுசாகச் சொல்லிப் பார்க்கத் தொடங்கினார்.

கோவளத்துக்குப் போவதை அவள் குறைத்துக்கொண்டாள். பரீட்சை என்றாள், காய்ச்சல் என்றாள்.

அக்டோபரில் முதல் மழை பெய்த மறுவாரம் ரோஸியே கூப்பிட்டாள்.

"பாப்பா, வூட்ல ஒரே பேஜாரா கீது. மழைக்குத்தான் எறா வரும். எறா வலைய எட்துகலாம்னு அவரு கொட்டாய்க்குப் போறாரு, மூங்கில்ல வலை இல்ல. போன வருசம் மழை முடிஞ்சி ஒதுக்கி வெச்ச வலை. நானும் ஜாஸ்மினும் மூணு மாசம் குந்தி கட்ன வலை."

விஷ்ணுப்ரியா அப்போது தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஜனங்கள் இடித்துக்கொண்டு போனார்கள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தேடிப் பாத்தீங்களாக்கா?"

"தேடறதுக்கு இன்னா கீது? பிரிட்டோதான் எட்துகினு போயி யாருக்கோ தள்ளிட்டான். தனியா படகு போடணும்னு அண்ணன் தம்பிக்குள்ள ஒரு பேச்சு ஓடிகினே இருந்துச்சு."

"அவர்தான்னு எப்படிக்கா சொல்றீங்க?"

"வலைல சிலுவ செருகி வெச்சிருந்தோம் பாப்பா. வேத்து ஆளு எட்துகினு போனா அதையும் சேத்துச் சுருட்டிகினு போவான், இல்ல கீழ கடாசிட்டுப் போவான். இவன் சிலுவைய எட்து, தூசி தொடச்சி, மேல் தட்ல பதமா வெச்சிட்டுப் போயிக்கீறான். நம்ம வூட்டு ஆளு தவுர யாரு அப்படி வெப்பா? சொல்லு."

விஷ்ணுப்ரியா போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி, சர்ச் வாசல்ல, ஊரு பாக்க அவரு அவன அறஞ்சிட்டாரு. அவன் திருப்பி ஒரு வார்த்த பேசல. ஜாஸ்மினக் கூட்டிகினு காசிமேட்டுக்கு, மாமியா வூட்டுக்குப் போயிட்டான். எங்க போன எடுக்க மாட்றான்." ரோஸி மூக்கை உறிஞ்சினாள். "அதான் உன்னக் கேக்கலாம்னு போட்டேன். நீ அன்னிக்கு வந்தியே பாப்பா, நான் ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு. கொட்டாய் உள்ள எட்டிப் பாத்தியா? அப்போ மூங்கில்ல வலை இருந்துச்சா?"

கேட்டவள் அவளைக் கொஞ்சம்கூடச் சந்தேகப்படவில்லை. சாட்சிக்குத்தான் கேட்டாள். சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால்கூட உண்மை வாயில் வந்திருக்கும் என்று விஷ்ணுப்ரியா பிறகு நினைத்துக்கொண்டாள். நம்பிக் கேட்டதால் வரவில்லை.

"பாக்கலக்கா. நான் உள்ள போகல."

"சரி பாப்பா. நீ ஒடம்பப் பாத்துக்கோ, காச்சல்னு சொன்னியே" என்று சொல்லி ரோஸி போனை வைத்தாள்.

அதற்குப் பிறகு விஷ்ணுப்ரியா இரண்டு தடவை தாம்பரத்தில் கோவளம் பஸ் ஏறினாள். ஒரு தடவை வண்டலூரில் இறங்கித் திரும்பினாள். இன்னொரு தடவை கோவளம் வளைவு வரைக்கும் போய், சர்ச் கோபுரம் தெரிந்ததும் எதிர்ப்பக்கம் நின்று திரும்புகிற பஸ்ஸைப் பிடித்தாள். புது வலை ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தாள். கொடுக்கலாம்தான். வாங்கின அறையை பிரிட்டோவின் கன்னத்திலிருந்து எந்தக் கடை வலை எடுக்கும்?

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். நடுச்சுவர் போகும். 'கடல் தள்ளியது' என்று நெய்தது, மீனவர் வீட்டிலிருந்து எடுத்து வந்தது என்றால் பட்டமே நிற்குமோ நிற்காதோ. அப்பா ஏரிக்கரையில் என்ன சொல்வார்?

துணிக்குப் பக்கத்தில் ஒட்ட ஒரு அட்டை எழுத வேண்டியிருந்தது. அம்மா பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அவளிடம் பிழை பார்க்கக் கொடுத்தாள். திரிபுரசுந்தரி சிவப்பு மை பேனாவை எடுத்தவள் முதல் வரியிலேயே நின்றாள்.

"கடலோரம் ஒதுக்கிய வலைன்னு எழுதியிருக்கியே. ஒதுங்கியன்னா தன்வினை, தானா வந்து சேர்றது. ஒதுக்கியன்னா பிறவினை, ஒருத்தர் செய்யணும். இதை யார் ஒதுக்கினா?"

விஷ்ணுப்ரியா அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கறே? ஒரு எழுத்துதானே, இப்போ சரியாயிடும்" என்று அம்மா 'க்'கை அடித்து 'ங்' போட்டாள்.

கண்காட்சி நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. வலை கொடுத்த ரோஸிக்கு மேடையில் சால்வை போடவேண்டும் என்பது தேவானந்தம் சாரின் ஏற்பாடு. அவரே நம்பர் வாங்கி அழைத்துவிட்டார். "மழையில எதுக்குக்கா அவ்ளோ தூரம்?" என்று விஷ்ணுப்ரியா தடுத்துப் பார்த்தாள். "இன்னா பாப்பா இப்படிச் சொல்ற? நான் பொறுக்குன குப்பை இன்னா ஆச்சின்னு நான் பாக்க வாணாமா? இந்த ஒரு மாசத்துல எனுக்கு நல்லதுன்னு காதுல விழுந்தது இதான்" என்றாள் ரோஸி.

வந்தாள். கல்யாணம், திருவிழாவுக்குக் கட்டுகிற மாம்பழக் கலர் பட்டுப் புடவை, ஒரு கையில் குடை, இன்னொரு கையில் வாய் கட்டிய ஒரு சாக்கு. ஏசுபாதம் வரவில்லை. தம்பி போனதிலிருந்து படகு கரையிலேயே கிடக்கிறது, அவன் வீட்டை விட்டே வெளியே வருவதில்லை என்றாள். பிறகு சாக்கை அவள் காலடியில் வைத்தாள்.

"மழைக்கு ஏகமா ஒதுங்கிச்சு பாப்பா. உனுக்குன்னு பொறுக்கி வெச்சேன்."

ஒதுங்கிச்சு. இப்போது காற்றும் இல்லை, ஹாரனும் இல்லை, விசிலும் இல்லை. அந்தச் சொல் ஒவ்வொரு எழுத்தாக வந்து விழுந்தது.

மேடையில் சால்வை போட்டார்கள், கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். ரோஸி வெட்கப்பட்டுச் சிரித்தாள். இறங்கி வந்ததும், "எங்க, என் குப்பையக் காட்டு" என்று நடுச்சுவருக்கு நடந்தாள். விஷ்ணுப்ரியா பின்னாலேயே போனாள். மாலையும் கழுத்துமாக மேளம் முன்னால் போகிற ஆட்டின் நிலைமைதான் அவளுக்கு.

ரோஸி முதலில் அட்டையைப் படித்தாள். பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில், சத்தமாக, எழுத்துக்கூட்டி, "கட-லோ-ரம் ஒ-துங்-கிய வலை" என்றாள். பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டித் துணியைத் தடவினாள். உள்ளங்கை ஒரு மூலையிலிருந்து மெதுவாக நகர்ந்தது. ஒரு இடத்தில் நின்றது. விரல் நுனியால் ஒரு முடிச்சைத் தொட்டாள். பக்கத்து முடிச்சைத் தொட்டாள். எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்த முடிச்சு. அதற்குப் பக்கத்திலும் அதே மாதிரி.

சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே இருந்தது, எடுக்க மறந்துவிட்டாள். தேவானந்தம் சார் பக்கத்தில் வந்து, "எப்படிம்மா இருக்கு? உங்க வலைதான் இது" என்றார்.

"ஆமா சார்" என்றாள் ரோஸி. "எங்க வலைதான்." விஷ்ணுப்ரியா பக்கம் திரும்பி, "பாத்ரூம் எந்தப் பக்கம் பாப்பா?" என்றாள்.

வராந்தாவில் யாரும் இல்லை. மழை முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. விஷ்ணுப்ரியா எதற்கென்று தெரியாமல் அந்தச் சாக்கையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். ரோஸி சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அது எறா வலை."

விஷ்ணுப்ரியா ஒரு மாசமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வரி அதுபாட்டுக்கு வந்தது. "அன்னிக்கு போன்ல, ஒதுக்குனதுன்னு என் காதுல விழுந்துதுக்கா."

ரோஸி புருவத்தைச் சுருக்கினாள். உதடு அசைந்தது. "ஒதுங்குனது" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "ஒதுக்குனது" என்று சொல்லிப் பார்த்தாள். சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ மாதாவே! பஸ்ல குந்திகினு நான்தான் அரகொறையா சொல்லிட்டேன். கதவப் பூட்டாம வேற போனேன். நீ இன்னா பண்ணுவ பாப்பா, உனுக்கு வலையப் பத்தி இன்னா தெரியும்? என் வாயால, என் வாயாலதான் அந்தப் புள்ள அடி வாங்குனானா?" அவள் கண்ணில் நீர் தளும்பியது. எட்டி விஷ்ணுப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத."

இதைக் கேட்பதற்குத்தான் விஷ்ணுப்ரியா தெரிந்த சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டினபடியே நடந்துவிட்டது. இனி ரோஸி ஊருக்குப் போய் நடந்ததைச் சொல்வாள், பிரிட்டோ திரும்பி வருவான், நடுச்சுவரில் துணி தொங்கும். எல்லாம் நன்றாகவே முடிந்துவிடும். ரோஸி மட்டும் சாகிறவரைக்கும் தன் வாயைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

"அக்கா, அலமாரில அந்தச் சிலுவையை எடுத்து வெச்சது நான்தான்."

மழைச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னாள். கேட்டிருந்தது. அவள் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. ஒவ்வொரு விரலாகத்தான் விட்டது.

"அப்போ பாத்துகினேதான் எட்துகினு போன."

"ஆமாக்கா."

"நான் போன் போட்டுக் கேட்டனே."

"கேட்டீங்க."

"உள்ளயே போகலன்னு சொன்னியே."

விஷ்ணுப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். ரோஸி சால்வையைத் தோளிலிருந்து எடுத்தாள். மடித்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"சர்ச் வாசல்ல அவரு அவன அடிக்கறப்ப நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். தடுக்கல. சிலுவ தட்டு மேல கீது, இது பிரிட்டோ வேலதான்னு அவருக்கு எட்துக் குட்த்ததே நான்தான்." அவள் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம் என்று விஷ்ணுப்ரியாவுக்கு இருந்தது. "அவன் 'அண்ணி, நீயுமா'ன்னு ஒரு பார்வ பாத்தான்."

ரோஸி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போன எடு" என்றாள். "எங்க நம்பர எடுக்க மாட்டான். உன் நம்பர் அவனுக்குத் தெரியாது." எண்களை ஒவ்வொன்றாக, மனப்பாடமாகச் சொன்னாள். விஷ்ணுப்ரியா அழுத்தினாள். எண் தப்பி இரண்டு தடவை அழித்து அழித்துப் போட வேண்டியிருந்தது.

மணி அடித்தது. எடுத்தான்.

"அலோ. யாரு?"

"நான் விஷ்ணுப்ரியா பேசறேன்."

"எந்த விஷ்ணுப்ரியா? ராங் நம்பரும்மா."

வலைப் பாப்பா என்றால் உடனே தெரிந்திருக்கும். அந்தப் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. ரோஸி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெச்சிடாதீங்க அண்ணா. உங்க வலைக் கொட்டாயில, குருத்தோலைச் சிலுவையை எடுத்து மேல் தட்டுல வெச்சது நான். வலையை எடுத்துட்டுப் போனதும் நான்தான். நீங்க இல்லேன்னு எனக்கு மொதல்லேர்ந்தே தெரியும்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டது. "யாருங்க?" என்று ஜாஸ்மின் கேட்பது தூரத்தில் கேட்டது.

"இன்னா சொல்றான்?" என்றாள் ரோஸி.

"ஒண்ணும் சொல்லலக்கா. அழறார்."

ரோஸி அந்தச் சாக்கின் மேலேயே, பட்டுப் புடவையோடு, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"பிரிட்டோ, அண்ணி பேசறேன்டா" என்றாள். "வெச்சிடாதடா. நீ பேச வாணாம், சும்மா கேளு, போதும்."

உள்ளே யாருக்கோ கைதட்டினார்கள். போன் தன்னுடையது என்பதால் விஷ்ணுப்ரியா அங்கேயே நின்று எல்லாவற்றையும் கேட்க வேண்டியிருந்தது.